குழாயில் முடிந்த மஞ்சள் துணி

என் மாமனார் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. மூடினார். நின்றது. மறுபடி திறந்தார். மறுபடியும் வந்தது. குழாய் பதித்திருந்த சுவருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். அங்கே மாடு எதுவும் பூட்டியிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்பி வந்தார்.

"ஏஞ்சாமி, இது எப்பவுமே இப்படித்தான் வருமா?"

"பகல்லயும் வருமுங்க, ராத்திரியும் வருமுங்க மாமா."

"ஆரு இறைக்கிறாங்க?"

"ரயில்வேக்காரங்கதானுங்க. எஞ்சினுக்கு வேணுமுன்னு தொட்டியில ஏத்தி வெச்சிருக்காங்க. அதுல நமக்கும் உடறாங்க."

"முறை எப்படி? ஒரு நாள் உட்டு ஒரு நாளா?"

"முறையெல்லாம் இல்லீங்க மாமா. எப்ப வேணும்னாலும் புடிச்சுக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர்கள் முன்னால்தான் அவர் அப்படிச் செய்வார். சேலம் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் எங்கள் ரோஜாச் செடிக்குப் பிடித்த சனி அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பமாயிற்று.

எருமை குடித்த தண்ணீர்

என் மாமனாரைக் குறை சொல்லும்முன் அவருடைய கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த பூமி. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டு மாடுகளைப் பூட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைப்பார்கள். பங்குனி பிறந்துவிட்டால் சாலில் பாதி சேறுதான் வரும்.

அந்தக் கிணறும் அவருக்கு முழுசாகச் சொந்தமில்லை. அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் பொது. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. பங்காளியின் முறையன்று எங்கள் வீட்டு எருமை வாய்க்காலில் வாயை வைத்துவிட்டது என்று ஊரே கூடிப் பஞ்சாயத்துப் பேசியிருக்கிறது. எருமை என்ன சாட்சி சொல்லிற்று என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கவில்லை.

வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், அந்த வீட்டில் தண்ணீரைச் சும்மா கொட்டக் கூடாது என்பது. முகம் கழுவினால் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக் குனிய வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் எருமைக்கு. வாசலில் கால் கழுவ ஒரு பலகைக் கல் கிடக்கும். அது ஓரிடத்தில் நிலையாக இருக்காது. எலுமிச்சை வாடினால் கல் எலுமிச்சைக்கு அடியில் போகும், முருங்கை வாடினால் முருங்கைக்கு. சம்பந்தி வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தாலும் அந்தக் கல்லின் மேல் நின்றுதான் கால் கழுவ வேண்டும். எங்கள் அப்பாவை எலுமிச்சைக்கு அடியில் நிறுத்திக் கால் கழுவச் சொன்னார்கள். முள் குத்திய கையோடுதான் அவர் தாம்பூலம் வாங்கினார்.

சூரமங்கலத்தில் என் மாமனார் வந்து இறங்கியதும் நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கால் கழுவ அவர் இடம் தேடிய விதத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சொம்பைப் பிடித்தபடியே வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே ரோஜாச் செடியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

துரைசானிக்குத் தெரிந்த ஆட்கள்

அந்த ரோஜா சும்மா வந்த ரோஜா அல்ல. அதில் எங்கள் குடும்பத்தின் கதியே தொங்கிக்கொண்டிருந்தது.

யுத்தம் தொடங்கியிருந்த காலம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. அவருக்கு மேலே பல பேர், எல்லோருக்கும் மேலே ஒரு துரை. துரை நியாயமானவர் என்று பெயர் எடுத்திருந்தார். குமாஸ்தாக்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது என்பதுதான் அதற்குக் காரணம். எங்கள் பெயர்கள் எதுவும் அவர் வாயில் நுழையாது.

அவர் மனைவி துரைசானிக்கோ பெயர்களே தேவையில்லை. அந்த அம்மாளுக்குத் தோட்டப் பைத்தியம். ஏற்காட்டிலிருந்து ரோஜா நாற்றுகளைக் கொண்டுவந்து எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தாள். அவ்வப்போது குடையோடு வந்து பார்ப்பாள். செடியை வைத்துத்தான் அவளுக்கு ஆளைத் தெரியும். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பங்களாவில் 'மூன்றாவது ரோஜா' என்று பெயர்.

அந்தச் சமயம் பார்த்து மலையடிவாரத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு ஒரு குமாஸ்தா தேவைப்பட்டது. ஸ்டேஷனின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அங்கே நல்ல மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அப்போது அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது குளிர்காய்ச்சல் மட்டும்தான். போன குமாஸ்தா கொயினா மாத்திரையைச் சோற்றைப் போலத் தின்றும் தேறாமல், மஞ்சளாகித் திரும்பி வந்தார். அவர் மனைவியை ஸ்டிரெச்சரில் இறக்கியதை நானே பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன்.

ஆபீஸில் இரண்டு பேரின் பெயர்கள் அடிபட்டன. ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவர் அடுத்த வீட்டுத் தம்மம்பட்டிக்காரர், கல்யாணமாகாதவர். இரண்டு பேருக்கும் ஒரே கிரேடு. யார் தோட்டம் துரைசானிக்குப் பிடிக்கிறதோ அவர் சூரமங்கலத்திலேயே இருப்பார், பிடிக்காதவர் மலைக்குப் போவார் என்று ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இதை யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் எல்லோரும் நம்பினார்கள்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். அதற்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஊரில் இருக்கும்போது காய்ச்சல் கண்டு, வண்டி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டது. அதைப் பற்றி வாராவாரம் நான் எழுதும் இந்தத் தோட்டத் தொடரில் இதுவரை எழுதவில்லை, இனியும் எழுதப்போவதில்லை. சூரமங்கலத்தில் ரயில்வே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது, நர்சம்மா இருந்தாள். அந்த மலைக்கு என்னால் போக முடியாது. ஊருக்கும் போக முடியாது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கும் பயம். ஆனால் ஆண்பிள்ளைகள் பயந்தால் அதைப் பயம் என்று சொல்வதில்லை, ஏற்பாடு என்று சொல்வார்கள். "செடிக்கு ஒரு ஏற்பாடு பண்ணோணும்" என்று ஊருக்குக் கடுதாசி போட்டு அப்பாவை வரவழைத்தார்.

மண் ஏறிய பஸ்

மாமனார் வெறுங்கையோடு வரவில்லை. ஏரி வண்டலை இரண்டு மூட்டை கட்டி, பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அது யுத்தத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப் புகையில் ஓடுகிற பஸ். மேட்டில் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் அது நின்றபோது கண்டக்டர் மேலே பார்த்துக் கேட்டானாம்.

"ஏனுங்க பெரியவரே, மூட்டையில என்னங்க இத்தனை கனம்?"

"மண்ணு."

"மண்ணா? சேலத்துல மண்ணு கெடைக்காதுங்களா?"

"கெடைக்கும். அது உங்க மண்ணு. இது எங்க ஏரி மண்ணு."

எல்லோரும் இறங்கி அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டே மேடு ஏற்றினார்கள் என்று மாமனார் பெருமையோடு சொன்னார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் குடியிருப்பு பள்ளத்தை மேடாக்கிக் கட்டியது. பள்ளத்தை நிரப்ப எஞ்சின் கரிச் சாம்பலையும் வெந்து போன கட்டிகளையும் கொட்டியிருந்தார்கள். தோண்டினால் மண்வெட்டி 'கர்ர்' என்னும். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் வண்டலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து போட்டால் செடி பிழைத்துக்கொள்ளும்.

என் மாமனார் கலக்கவில்லை. செடியைச் சுற்றி ஆழமாகக் குழி வெட்டி, சாம்பலையெல்லாம் அள்ளி வேலியோரம் எறிந்துவிட்டு, குழி நிறைய வண்டலைக் கொட்டி, காலால் மிதித்து மிதித்து இறுக்கினார். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வரப்புக் கட்டினார். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் ஊர்க் கணக்கு. ஒரே ஒரு ரோஜாச் செடிக்கு அவர் ஒரு குட்டையைக் கட்டி முடித்தார்.

பிறகு குழாயைத் திறந்தார்.

தாகம் யாருக்கு?

காலையில் எழுந்ததும் ஊற்றுவார். காப்பி குடித்துவிட்டு ஊற்றுவார். வெயில் ஏறினால் "செடி தவிக்குமே" என்று ஊற்றுவார். பொழுது சாய்ந்தால் "பகலெல்லாம் தவிச்சுதே" என்று ஊற்றுவார். ஆபீஸிலிருந்து வந்த மகன், செருப்பைக் கழற்றும்முன் தன் பங்குக்கு ஒரு குடம் ஊற்றுவார். அப்பனும் மகனும் பேசிக்கொள்வதே அபூர்வம். அந்த ரோஜாவின் தலைமாட்டில் நின்று இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றும்போது மட்டும் இணக்கமாக இருந்தார்கள்.

நான் சும்மா சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அது செடியின் தாகம் அல்ல. முறைக்குக் காத்துக் காத்து, பங்காளியின் முகத்தைப் பார்த்து, மாட்டின் மூச்சைப் பார்த்து வளர்ந்தவர்களின் தாகம். அதை எந்த ரோஜாவால் குடித்து முடிக்க முடியும்?

கொஞ்ச நாளில் இலைகள் பழுக்கத் தொடங்கின. அடி இலை முதலில், பிறகு நடு இலை. மொட்டு விட்டது விரியாமலே கருகிற்று. இலை பழுத்தால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், தண்ணீர் போதவில்லை. ஆகவே அளவைக் கூட்டினார்கள்.

ஒரு நாள் நான் குனிய முடியாமல் குனிந்து வரப்பை உடைத்து, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரலை எடுத்து முகர்ந்தால் ஊறவைத்து மறந்துபோன புளிச்சட்டி போல நாறியது. மேல் மண்ணில் பாசி படர்ந்திருந்தது.

"மாமா, வேரு அழுகுதுங்க. தண்ணியைக் கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமுங்க," என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மிணி, தண்ணி இல்லாம செத்த செடியை நான் ஆயிரம் பாத்திருக்கறேன். தண்ணி ஊத்திச் செத்த செடியை நீ பாத்திருக்கறயா?"

பார்த்ததில்லைதான். எங்கள் ஊரில் அப்படிச் சாகிற பாக்கியம் எந்தச் செடிக்கும் கிடைத்ததில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "அப்பா சொல்றது செரி" என்றார். அவர் அப்பாவின் பேச்சை ஆமோதித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதற்கு நடுவில் அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டும். தம்மம்பட்டிக்காரர் செடி நட்ட நாளோடு அதை மறந்துவிட்டார். கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்குவதே அவருக்குப் பெரிய பிரயாணம். காலையில் பல் விளக்கி வாய் கொப்பளிக்கும்போது வாசற்படி வரைதான் வருவார். அந்தத் தண்ணீர் போய் விழுகிற இடத்தில் செடி இருந்தது. அதோடு சரி. சாம்பல் மண்ணிலேயே அது தளதளவென்று நின்றது.

"என்னங்க பண்றீங்க செடிக்கு?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு நாள் கேட்டேன்.

"எந்தச் செடிக்குங்க?" என்றார் அவர்.

இந்த வாரம் ஒரு வாசகி, ரோஜா இலை பழுக்கிறதே, என்ன உரம் போடலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, உரக்கடைக்குப் போகும்முன் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் வேறு வேலை பாருங்கள். வேருக்குத் தண்ணீர் வேண்டும், மூச்சும் வேண்டும். அழுந்திய மண்ணைக் கிளறி, வடிகால் விட்டு, வீட்டு ஆண்பிள்ளைகளைக் கொஞ்ச நாள் வெளியூர் அனுப்பி வையுங்கள்.

அம்மனுக்கு ஒரு காலணா

துரைசானி அடுத்த மாதம் பார்வைக்கு வருகிறாள் என்று சேதி வந்தது. எங்கள் செடியில் இருந்த இலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், ஒரு நாள் அழவும் செய்தேன். "மாசமா இருக்கறவ, மனசு சஞ்சலப்படும்" என்று சொல்லிவிட்டு அதற்கும் சேர்த்து ஒரு குடம் ஊற்றினார்கள்.

மறுநாள் விடிந்ததும் நான் தலைக்குக் குளித்தேன். ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து, அதில் ஒரு காலணாவை முடிந்து, குழாயின் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். குங்குமம் வைத்தேன். சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போது மாமனார் சொம்போடு வந்து நின்றார்.

"என்ன சாமி இது?"

"மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டனுங்க மாமா. நல்லபடியா பிள்ளை பொறக்கோணுமுன்னு. அதுவரைக்கும் இதை ஆரும் அவுக்கப்படாது."

அவர் சொம்பைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் அம்மனிடம் பொய் சொல்லவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் முடிந்தேன். அதற்குச் செடி பிழைக்க வேண்டும், செடி பிழைக்கக் குழாய் மூட வேண்டும். இந்த நெளிவுசுளிவெல்லாம் அம்மனுக்குப் புரியும், அவளும் பெண்தானே. ஆண்பிள்ளைகளுக்கு நியாயம் சொன்னால் ஏறாது. மஞ்சள் துணிக்கு மட்டும் மறுபேச்சுக் கிடையாது. வீட்டுச் செலவுக்குத் தெருமுனைக் குழாயிலிருந்து என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே குடம் சுமந்தார். சுமந்து வந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற அவருக்கு அதன்பின் மனசு வரவில்லை.

மாமனாருக்குக் கை பரபரத்தது. ஊற்ற முடியாத கை வேறு என்னதான் செய்யும்? களைக்கொத்தை எடுத்து மண்ணைக் கொத்தத் தொடங்கினார். காய்ந்து வெடித்த வண்டலைக் கொத்தினார், புரட்டினார், கட்டியை நொறுக்கினார். பொழுது போகாமல் வேலியோரம் எறிந்த சாம்பலையும் அள்ளி வந்து கலந்தார். வரப்பு தடுக்குகிறது என்று அதையும் சரித்துவிட்டார். செடிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும், வேறு வேலை இல்லாத ஒரே காரணத்தால், ஒழுங்காக நடந்தது.

பத்துப் பதினைந்து நாளில் கணுவுக்குக் கணு செந்துளிர் எட்டிப் பார்த்தது. துரைசானி வந்த அன்று ஏழெட்டுப் பூ விரிந்து நின்றன. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மன் சக்தியைப் பாத்தியா?" என்றார்.

எஸ் மேடம்

துரைசானி குடையைப் பியூனிடம் கொடுத்துவிட்டுச் செடியருகே குனிந்தாள். பூவை முகர்ந்தாள். மண்ணை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என் வீட்டுக்காரரைப் பார்த்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னாள்.

அவர், "எஸ் மேடம்" என்றார். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். "தேங்க்யூ மேடம்" என்றார். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. அவள் கிளம்பிப் போனாள். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க சொன்னாங்க?"

"ரொம்ப நல்லா இருக்குதாம். இந்த வரிசையிலயே இதுதான் முதல் செடியாம்."

"அப்புறம் என்னங்க?"

"மலையடி ஸ்டேஷன்ல ஒரு பூ கூட இல்லையாம். பாத்தாலே மனசுக்குக் கஷ்டமா இருக்குதாம். கைராசிக்காரன் ஒருத்தன் அங்க போனாத்தான் தோட்டம் வருமாம். என்னைய அனுப்பச் சொல்லித் துரைகிட்ட சொல்றாளாம்."

"அதுக்கா தேங்க்யூ சொன்னீங்க?"

துரைசானியின் முன்னால் அவர் நாக்கில் அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும்தான் எப்போதும் தயாராக இருக்கும். மறுமாதம் துரையையே அழைத்து வந்து செடியைக் காட்டுவாளாம், அதன்பின் உத்தரவில் கையெழுத்தாம்.

நன்றாக வேலை செய்கிறவனைத் தண்ணீர் இல்லாத காட்டுக்கு அனுப்புவது எல்லா ஆபீஸிலும் உள்ள வழக்கம்தான். அது பூவுக்கும் பொருந்தும் என்று எனக்குத்தான் முன்பே தோன்றவில்லை. மாமனார், "பேசாம ஊருக்கு வந்துரு சாமி, பிரசவத்தை அங்க பாத்துக்கலாம்" என்றார். ஊர் என்றதும் அந்த வண்டிப் பயணம் கண்முன் வந்தது. நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் யோசித்தேன்.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். மஞ்சள் முடிப்பைப் பிரிக்காமல் கைப்பிடியிலிருந்து கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பிறகு மாமனாரைக் கூப்பிட்டேன்.

"மாமா, முடிப்பைப் பிரிக்காம அப்படியே சாமிகிட்ட வெச்சுட்டனுங்க. குழாயை இனித் தொடலாமுங்க." கொஞ்சம் நிறுத்தி, "செடியும் சித்தெ வாடுனாப்பல இருக்குதுங்க," என்றேன்.

அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. பட்டினி கிடந்த குழந்தைக்குச் சோறு போட விட்டாற்போல ஓடினார். முதல் வேலையாக வரப்பைத் திரும்பக் கட்டினார்.

தவளையின் வரவேற்பு

துரை வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் ஒரு குளம் இருந்தது. அதன் நடுவில் கறுத்த குச்சி ஒன்று நின்றது. துரைசானி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துரை எதையோ பார்க்கக் குனிந்தபோது ஒரு தவளை அவருடைய பூட்ஸின் மேல் தாவிக் குதித்தது.

துரைசானி என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அவர் "எஸ் மேடம்" என்றார். பிறகு அவள் பார்வை வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. அங்கே வாய் கொப்பளித்த தண்ணீரில் வளர்ந்த ரோஜா, செடி கொள்ளாமல் பூத்திருந்தது.

உத்தரவு தம்மம்பட்டிக்காரருக்கு வந்தது. நான் ஒரு செம்பு மோரோடு வேலியோரம் போனேன். அவர் கட்டிலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு உற்சாகமாக இருந்தார்.

"உங்களுக்கு வருத்தமில்லைங்களா?" என்றேன்.

"இதுல என்னங்க வருத்தம்? நான் கொல்லிமலை அடிவாரத்துல பொறந்தவன். அந்தக் காய்ச்சலெல்லாம் சின்னப் பிள்ளையிலயே வந்து போயாச்சு. அங்க நாளைக்கு ஒரு பாசஞ்சர்தானாம். மிச்ச நேரம் படுத்துக் கெடக்கலாம். முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே!"

யாரும் கேட்கவில்லை. ஆபீஸில் யாரும் யாரையும் எதையும் கேட்கிற வழக்கம் இல்லை. அதற்குத்தான் ரோஜாச் செடிகள் இருந்தன.

என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார். மாமனார் மட்டும் சாப்பிடவில்லை. வாசலில் அந்தக் கறுத்த குச்சியின் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னுஞ் சித்தெ ஊத்தியிருக்கோணும் சாமி. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்," என்றார். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். நம்பியிருந்தால் அதைவிட மோசம்.

மழைக்காலத்தில் ரயில்வே ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் அது போட்ட கூச்சலில் நர்சம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அம்மனுக்கு அந்தக் காலணாவை நானே கொண்டுபோய்ச் செலுத்தினேன்.

சேதி தெரிந்து மாமனார் ஊரிலிருந்து வந்தார். அதே கரிப் பஸ், தலையில் இந்தத் தடவை ஒரு தென்னங்கன்று. பேத்தியை எட்ட நின்றே பார்த்தார். பிறகு கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நடுவது என்று கேட்கவும் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றார். அந்த ரோஜாவுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் ஒரு செடியையும் தொட்டிருக்கவில்லை.

நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால் பக்கத்தில் இடம் காட்டினேன். அவரே குழி வெட்டினார், சாம்பலும் வண்டலும் கலந்து போட்டார். நட்டு முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி தள்ளி நின்றுகொண்டார்.

"ஊத்துங்க மாமா," என்றேன்.

"எவ்வளவு ஊத்தட்டும் சாமி?"

"இது தென்னைங்க. உங்களுக்கு எவ்வளவு தோணுதோ அவ்வளவு ஊத்துங்க."

"எவ்வளவு வேணும்னாலுமா?"

"ஆமாங்க மாமா."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குழாயைத் திறந்தார்.